சாய்வுத் திருத்தத்துக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

புதுச்சேரி கதிர்காமத்தில் வழுதாவூர் சாலையை விட்டு உள்தெருக்களுக்குள் நுழைந்தால் எங்காவது ஒரு வீட்டில் சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருப்பார்கள், இன்னொரு வீட்டு மொட்டை மாடியில் ஷீட் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இந்த வேலைகளுக்கு அளவெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். இலாசுப்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கில் சிவில் முடித்தவர், ஐடிஐயில் சர்வேயர் பிரிவு படித்தவர், மாமாவிடம் வெல்டிங் பழகி இப்போது சொந்தமாக ஷெட் வேலை எடுப்பவர், சோலார் கம்பெனியில் சைட் பார்க்கச் சேர்ந்த பெண். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நான்கு பேரும் வாங்க நினைப்பது லேசர் அளவுமானி. தேடத் தொடங்கினால் பெட்டிக்குப் பெட்டி ஒரு சொல் மறிக்கும்: ஆங்கிள் காம்பென்சேஷன், அதாவது சரிவாக எடுத்த அளவை மட்ட அளவாக மாற்றிக் காட்டும் சாய்வுத் திருத்தம். சிலவற்றில் ஸ்லோப் மோடு என்றும், சிலவற்றில் டில்ட் சென்சார் என்றும் போட்டிருக்கும். அது இருந்தால் விலை சில ஆயிரம் ரூபாய் கூடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை இல்லை. அதனால் கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் வேலைக்குத் தேவை சரிவு நீளமா, மட்ட நீளமா? பதில் தெரிந்துவிட்டால் கருவியைத் தேர்ந்தெடுப்பது பத்து நிமிட வேலை. தெரியாமல் வாங்கினால், விலை கூடிய கருவியே உங்களைத் தவறான அளவுக்குக் கொண்டுபோய் விடும். சாய்வுத் திருத்தத்தைக் கருவியின் தரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு தேவை மட்டுமே. சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை.

முதலில் தள்ள வேண்டிய கருவி

இணையக் கடையில் ரேஞ்ச்ஃபைண்டர் என்று தேடினால், ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பைனாகுலர் மாதிரி ஒன்று வரும். 600 மீட்டர், 1000 மீட்டர் என்று அளவெல்லை எழுதியிருக்கும். சைட்டுக்கு இதையே வாங்கிவிடலாம், தெருமுனை வரைக்கும் அளக்குமே என்று தோன்றும். வாங்காதீர்கள். அது வேட்டைக்காரர்களுக்கும் கோல்ஃப் ஆடுபவர்களுக்கும் செய்தது. கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை எண்ணித் தூரம் சொல்கிறது. ஒளி போய்வரும் பயணத்தில் ஒரு நானோ விநாடி தவறினால் 15 சென்டிமீட்டர் தவறிவிடும். அதனால்தான் இவ்வகைக் கருவிகளில் அரை மீட்டர், ஒரு மீட்டர் வரை பிழை சகஜம். மானைக் குறிபார்க்க அது போதும். ஜன்னல் சட்டம் அளக்க உதவாது.

கட்டட வேலைக்கு உரியது சிவப்புப் புள்ளி விழும் லேசர் மீட்டர். திரும்பி வரும் ஒளியின் அலைநிலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைக் கணக்கிடுவதால் அதன் பிழை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும். எட்டும் தூரம் 40 முதல் 100 மீட்டர். கையடக்கமான இந்த வகையை 1993-இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது லைக்காவின் டிஸ்டோ. அதனால்தான் பழைய இன்ஜினியர்கள் எந்தக் கம்பெனிக் கருவியையும் டிஸ்டோ என்றே கூப்பிடுகிறார்கள்.

ஆனால் சாய்வுத் திருத்தம் வேண்டுமா என்ற கேள்வி கூர்மையாக எழுந்தது வேட்டைக்காரர்களிடம்தான், அவர்களுடைய பதில் நமக்கும் உதவும். மலைச்சரிவில் 300 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கை மேலிருந்து சுடும்போது, தோட்டா எவ்வளவு கீழிறங்கும் என்பது பார்வைக்கோட்டின் நீளத்தைப் பொறுத்ததல்ல. ஈர்ப்பு விசை கீழ்நோக்கி இழுப்பதால் மட்டத் தூரமே கணக்கு. 30 டிகிரிச் சரிவில் அந்த 300 மீட்டரின் மட்டத் தூரம் 260. நாற்பது மீட்டர் வித்தியாசம்; திருத்தம் கட்டாயம் தேவை. அதே ஆள் ஆறு மீட்டர் உயர மரப்பரணில் உட்கார்ந்து, 20 மீட்டரில் அம்பு எய்தால் மட்டத் தூரம் 19.1. ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. திருத்தம் இல்லாமலே அம்பு சேரும். ஆக, கோணம் பெரியதா என்று மட்டும் பார்த்துப் பயனில்லை. தூரத்தோடு சேர்ந்து அது எவ்வளவு தவறைத் தருகிறது, அந்தத் தவறை உங்கள் வேலை தாங்குமா என்பதுதான் விஷயம். கோல்ஃப் விதிகளில் 2019 முதல் தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டு; ஏற்ற இறக்கத்தை அளக்க அனுமதி இல்லை. போட்டிக்கு வருபவர் ஸ்லோப் பொத்தானை அணைத்துவிட வேண்டும். அந்த ஒரு திருத்தம் ஆட்டக்காரருக்கு எவ்வளவு சாதகம் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. இங்கே இந்தக் கருவிக்கு நேர்மையான வேலை காட்டில் உண்டு: மயக்க ஊசித் துப்பாக்கியின் அழுத்தத்தைத் தூரத்துக்கு ஏற்ப வைக்க வேண்டிய வனத்துறைக் கால்நடை மருத்துவருக்கும், நேர்கோட்டில் நடந்து விலங்குகளைக் கணக்கெடுக்கும் ஆய்வாளருக்கும் அது தேவை. அந்தப் பணிகளுக்குப் போக விரும்புபவர்கள் அதைப் பழகலாம். கதிர்காமத்துச் சைட்டுக்கு வேண்டாம்.

சமதள ஊரில் சாய்வு எங்கிருந்து வருகிறது?

புதுச்சேரி சமதளம்தானே, கோரிமேட்டை விட்டால் மேடு ஏது, சாய்வுத் திருத்தம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஊரில் சாய்வு நிலத்தில் இல்லை, அளப்பவரின் கையில் இருக்கிறது.

ஒரு மனையை அளக்கிறீர்கள். நடுவில் ஜல்லிக் குவியல் கிடக்கிறது. நெஞ்சுயரத்தில், அதாவது 1.3 மீட்டரில் கருவியைப் பிடித்து, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் எல்லைக்கல்லின் அடியில் புள்ளியை விழவைக்கிறீர்கள். திரையில் 10.084 வரும். எட்டு சென்டிமீட்டருக்கு மேல் தவறு. மனையின் அடுத்த பக்கம் உண்மையில் 15 மீட்டர். அதே பிடியில் 15.056 காட்டும். இரண்டையும் பெருக்கினால் 150 சதுர மீட்டர் மனை ஏறத்தாழ 151.8 ஆகிவிடுகிறது. புதுச்சேரி நில ஆவணங்களில் பிரெஞ்சுக்காரர் காலத்து ஆரும் செந்தியாரும் இன்னும் புழங்குகின்றன; ஒரு செந்தியார் என்பது ஒரு சதுர மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு செந்தியார், சதுர அடியில் சொன்னால் இருபது, இல்லாத இடத்திலிருந்து முளைத்துவிட்டது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே நீங்கள் நிற்கும்போது இந்த இருபது சதுர அடி பெரிய சங்கடம். (எல்லைத் தகராறு என்று வந்துவிட்டால் கையடக்க லேசரை உள்ளே வையுங்கள். நில அளவைத் துறை வந்து அளந்து காட்டட்டும்.)

நிலத்தின் பரப்பு எப்போதும் மட்டத்தில்தான் கணக்கு. இது புதிதாக வந்த விதி இல்லை. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடித்தளக் கோட்டை அளந்தபோது, நூறு அடி எஃகுச் சங்கிலி சாய்வாகக் கிடந்த இடங்களிலெல்லாம் சாய்கோணத்தை அளந்து, சரிவு நீளத்தை மட்ட நீளமாக மாற்றியே கூட்டினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த அந்தப் பெரும் பணி நம் ஊர்ப்பக்கத்து வெயிலில், கையால் போட்ட சாய்வுத் திருத்தத்தோடு தொடங்கியது. இன்றைக்கு ஒரு பொத்தான் செய்வது அதே கணக்கைத்தான்.

கணக்கைச் சட்டென்று போட ஒரு வழி மனப்பாடமாக இருக்கட்டும். கருவிக்கும் குறிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தூரத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள். வருவது மீட்டரில் உங்கள் தவறு. பத்து மீட்டரில் 10 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் தவறு அரை மில்லிமீட்டர், கவலையே வேண்டாம். 30 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் நாலரை மில்லிமீட்டர். டைல்ஸுக்குப் பரவாயில்லை, மாடுலர் கிச்சனுக்கு ஆகாது. ஒரு மீட்டர் ஏறியிருந்தால் ஐந்து சென்டிமீட்டர், எதற்கும் ஆகாது. அதே ஒரு மீட்டர் ஏற்றம் 30 மீட்டர் தூரத்தில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்கும் குறைவான தவறைத்தான் தரும். மூன்று மீட்டர் அறையிலோ 16 சென்டிமீட்டர் தவறு. பெரிய மைதானத்தைவிடச் சின்ன அறையில் சாய்ந்த பிடி ஆபத்து. பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

ஷெட் வேலை எடுக்கும் வெல்டரிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லோருக்கும் ஒரு நீளம் போதும். இவருக்கு இரண்டும் வேண்டும். தூண்கள் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்ட நீளம். ஷீட்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்டிவரச் சொல்ல வேண்டும் என்பது சரிவு நீளம். மாடியில் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் ஆறு மீட்டர் என்றால், பத்து டிகிரிச் சரிவில் ஷீட் 6.09 மீட்டர் வேண்டும். 20 டிகிரிச் சரிவில் 6.39 மீட்டர். இதன் மேல் வெளியே நீட்டும் அளவு தனி. மட்ட அளவைச் சொல்லி ஷீட் வாங்கிவிட்டால் ஓரத்தில் மழை உள்ளே அடிக்கும்; வீட்டுக்காரர் விடமாட்டார். இங்கே கருவியைச் சாய்வுத் திருத்தத்தில் போட்டு அளந்தால் அது மட்ட நீளத்தைத்தான் காட்டும். ஷீட்டுக்கு அது தப்பு. பொத்தானை அணைத்துவிட்டு, சரிவாக ஓடும் ராஃப்டரை ஒட்டி நேராக அளக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் கூலியில் வருகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறீர்கள். தரைச் சதுர அடியா, ஷீட் சதுர அடியா? ஆறுக்குப் பத்து மீட்டர் ஷெட் தரையில் 60 சதுர மீட்டர். 20 டிகிரிச் சரிவில் ஷீட்டின் பரப்பு ஏறத்தாழ 63.9. நாற்பது சதுர அடிக்கு மேல் வித்தியாசம். வேலை முடிந்த பிறகு இதைப் பேசினால் சண்டை. கொட்டேஷனில் முதல் வரியிலேயே ‘சரிவு அளவுப்படி’ அல்லது ‘தரை அளவுப்படி’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் நிம்மதி. வெல்டருக்கு டில்ட் சென்சார் உள்ள கருவி உண்மையாகவே பயன்படும்: போட்ட சட்டத்தின் மேல் வைத்தால் சரிவு எத்தனை டிகிரி என்று காட்டும், சரிவு நீளம், மட்ட நீளம் இரண்டையும் சேர்த்துக் காட்டும் மாடலாக இருந்தால் கணக்குப் போடும் வேலையே இல்லை. மாதத்துக்கு இரண்டு ஷெட்டாவது எடுப்பவர் வாங்கலாம் என்பேன்.

படிக்கட்டுக் கைப்பிடி செய்பவருக்கும் சரிவு நீளம்தான் தேவை. 150 மில்லிமீட்டர் ஏற்றம், 300 மில்லிமீட்டர் அகலப் படிகள் உள்ள மாடிப்படியில், தரையில் மூன்று மீட்டர் ஓட்டத்துக்கு 3.35 மீட்டர் பைப் வேண்டும். நேரே படிமூக்கிலிருந்து படிமூக்குக்கு அளந்தால் முடிந்தது. சென்சார் எதற்கு?

சரிவுப் பாதை போடுபவர்கள் கவலைப்படவே வேண்டாம். இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் பகுதி இது. கிளினிக், லேப் என்று கட்டுபவர்களிடமிருந்து சக்கர நாற்காலிப் பாதை வேலை வரும். அதற்குச் சொல்லப்படும் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. 12 மீட்டர் ஓட்டத்தில் சரிவு நீளம் நான்கு சென்டிமீட்டர்தான் கூடும். டைல்ஸ் சேதாரத்துக்குச் சேர்க்கும் அளவிலேயே அது அடங்கிவிடும். இங்கே முக்கியம் சரிவு சரியாக இருக்கிறதா என்பது. ரசமட்டமும் டியூப் லெவலும் அதைப் பார்த்துக்கொள்ளும். தயவுசெய்து இதை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். பத்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று செங்குத்தாகிவிட்டால் நாற்காலியில் வருபவர் தன்னந்தனியாக ஏறுவது மிகவும் கடினம்.

இன்டீரியர், மாடுலர் கிச்சன், பால்ஸ் சீலிங் வேலைக்கு டில்ட் சென்சார் வேண்டாம். சுவரிலிருந்து சுவருக்கு, தரையிலிருந்து தளத்துக்கு, எல்லாம் கருவியின் பின்புறத்தை முட்டவைத்து எடுக்கும் நேரளவு. உங்களுக்கு மில்லிமீட்டர் முக்கியம். அந்தப் பணத்தை நல்ல கிராஸ் லைன் லேசருக்குச் சேர்த்து வையுங்கள். பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவர் மூன்று மாடி உயரத்தைத் தெருவில் நின்று அளக்க வேண்டியதில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே புள்ளியை விழவைத்தால் உயரம் கிடைத்துவிடும்.

சோலார் சைட் பார்ப்பவருக்குத்தான் என் அழுத்தமான ‘வாங்குங்கள்’. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய கர் திட்டத்துக்குப் பிறகு மாடியில் பேனல் போடுவது பரவலாகப் பேசப்படுகிறது. சைட் அளப்பது தனி வேலையாகவே மாறியிருக்கிறது. இந்த வேலையில் நீங்கள் அளக்க வேண்டியவை கை எட்டாத உயரங்கள்: பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, எதிர்வீட்டு மாடியறை, தென்னை மரம். பக்கத்து மாடிக்கு ஏறிப்போய் டேப் பிடிக்க யார் விடுவார்கள்? புதுச்சேரி ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் கடைசியில் உச்சி வெயில் 55 டிகிரி உயரத்தில் தெற்கே நிற்கும். பேனலைவிட மூன்று மீட்டர் உயர்ந்த தொட்டி தெற்கே இருந்தால், நண்பகலிலேயே 2.1 மீட்டருக்கு நிழல் விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். ஜூனில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அப்போது வடக்கே உள்ள தொட்டியும் அறுபது சென்டிமீட்டர் நிழல் தரும். வடநாட்டு வரைபடத்தைப் பார்த்துத் தெற்கை மட்டும் கவனிப்பவர்கள் இதை விட்டுவிடுவார்கள். அடித்தூரத்தை அளந்துவிட்டு உச்சியை நோக்கிக் கருவியைச் சாய்த்தால் உயரத்தைச் சொல்லும் வசதி சில மாடல்களில் உண்டு. தென்னங்கீற்றில் லேசர் பட்டுத் திரும்பாவிட்டாலும் கோணத்தை வைத்தே உயரம் வந்துவிடும். ஐந்து, எட்டு சென்டிமீட்டர் தவறினாலும் நிழல் கணக்கு கெடாது.

மின்கம்பி அருகே வேலை செய்பவர்களுக்கும் இதே வசதி உயிர்காக்கும் விஷயம். கம்பியின் உயரம் பார்க்க இரும்பு டேப்பையோ பைப்பையோ யாரும் தூக்கவே கூடாது. கீழே நின்று கோணத்தை வைத்து உயரத்தை எடுங்கள். தோராய அளவு போதும். அதற்கு மேல் மின்துறையைக் கூப்பிடுவதுதான் முறை.

பெட்டியில் எழுதாத பலவீனம்

கையடக்கக் கருவியில் கோணத்தை அளப்பது உங்கள் கைபேசியின் திரையைத் திருப்பிவிடும் அதே வகைச் சில்லு. நல்ல கருவியிலும் அதன் துல்லியம் கூட்டிக் குறைத்து 0.2 டிகிரி அளவில்தான் இருக்கும். நீளத்தின் துல்லியம் ஒன்றரை மில்லிமீட்டர் என்று பெட்டியில் பெரிதாக இருக்கும். கோணத்தின் துல்லியம் கையேட்டின் உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டாவதைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

0.2 டிகிரி என்றால் என்ன? பத்து மீட்டர் தள்ளி நின்று உயரம் எடுத்தால் குறைந்தது மூன்றரை சென்டிமீட்டர் முன்பின் ஆகலாம். 20 மீட்டரில் ஏழு. மட்ட நீளத்தில் பாதிப்பு குறைவு: பத்து மீட்டரை 20 டிகிரி சாய்த்து எடுத்தால் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குள். அதாவது சாய்வுத் திருத்தம் மனையில் பார்த்த எட்டு சென்டிமீட்டர் தவறை ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே கொண்டுவரும், மில்லிமீட்டருக்குக் கொண்டுவராது. தள மட்டம் பார்க்க, பில்லர் உயரம் ஒப்பிட, கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் வைக்க இதை நம்பினால் கெட்டது. கொத்தனார் கையில் இருக்கும் டியூப் லெவல், நூறு இருநூறு ரூபாய்க் குழாய், மட்டத்தைப் பொறுத்தவரை இந்தச் சில்லைவிடப் பல மடங்கு நம்பகமானது. மேஸ்திரி தண்ணீர்க் குழாயை எடுத்துவரச் சொன்னால் லேசரைக் காட்டி வாதாடாதீர்கள். அவர் சரி.

சென்சார் இல்லாமலே சமாளிக்கும் வழியும் உண்டு, பலருக்கு அது போதும். விலை குறைந்த கருவிகளிலும் தொடர்ந்து அளந்து மிகச் சிறிய அளவைப் பிடித்துவைக்கும் ‘மினிமம்’ வசதி இருக்கும். கருவியின் பின்முனையை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு, எதிர்ச்சுவரில் புள்ளியை மேலும் கீழும், இடமும் வலமும் மெதுவாக ஓட்டுங்கள். சுவர் தூக்குக்குண்டு நேருக்கு இருந்தால், திரையில் நிற்கும் மிகச் சிறிய எண் உங்களுக்கும் சுவருக்கும் உள்ள நேர் மட்டத் தூரம். மனை விஷயத்தில், எதிர்க் கல்லின் மேல் ஒரு கோலை நேராக நிறுத்தி, உங்கள் கை உயரத்துக்கு ஒரு அட்டையைக் கட்டி அதில் புள்ளியை விழவைத்தாலே சாய்வு ஒழிந்தது. உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் போதும். தனியாளாகப் பல சைட் சுற்றுபவருக்குத்தான் சென்சார் அந்த ஆளின் வேலையைச் செய்கிறது. அப்படி யோசித்தால் விலை நியாயமாகத் தெரியும்.

பைதாகரஸ் பொத்தானும் பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. அடிநீளத்தையும் கர்ணத்தையும் அளந்தால் உயரம் சொல்லும். அடியை அளக்கும்போது கருவி உண்மையிலேயே மட்டமாக இருக்க வேண்டும், இரண்டு அளவும் ஒரே புள்ளியிலிருந்து எடுக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு செய்தால் வராது, ஸ்டாண்ட் வேண்டும்.

வாங்கும்போதும், வாங்கிய அன்றும்

வெளியில் அளப்பவராக இருந்தால் டில்ட் சென்சாருக்கு முன் கேமரா பாருங்கள். நம் ஊர் வெயிலில் பத்துப் பதினைந்து மீட்டர் தாண்டினாலே சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. புள்ளி எங்கே விழுந்தது என்று தெரியாமல் கோணத்தைத் திருத்தி என்ன பயன்? திரையில் குறுக்குக்கோடு காட்டும் கேமரா உள்ள மாடல் விலை அதிகம். அது எட்டாவிட்டால் ஒரு வெள்ளை அட்டையைக் குறிப்பலகையாக வைத்துக்கொண்டு காலை, மாலையில் அளவெடுங்கள். அடுத்ததாகத் தூசி, தூறல் தாங்கும் எண்: ஐபி54 குறைந்தபட்சம், ஐபி65 கிடைத்தால் நல்லது. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வேலை செய்பவர்கள் பேட்டரிக் கதவின் ரப்பரையும் ஒரு முறை தடவிப் பாருங்கள்.

கருவி கைக்கு வந்ததும் இரண்டு சோதனை. ஒரே நேர்கோட்டில் மூன்று புள்ளி குறியுங்கள். முதலுக்கும் நடுவுக்கும், நடுவுக்கும் கடைசிக்கும், முதலுக்கும் கடைசிக்கும் அளந்து பாருங்கள். முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதோடு ஒத்துப்போக வேண்டும். 4.002, 6.002 என்று வந்து மொத்தம் 10.002 என்று வந்தால் உங்கள் கருவி ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லிமீட்டர் கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம். சென்சாருக்கு வேறு சோதனை: ஒரு மேசை மேல் வைத்து டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள், அதே கோட்டில் முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடி படியுங்கள். ஏற்றம், இறக்கம் மாறி அதே எண் வர வேண்டும். ஒரு பக்கம் 0.6 ஏற்றம், மறுபக்கம் 0.2 இறக்கம் என்று காட்டினால் சில்லில் 0.2 டிகிரி விலகல் இருக்கிறது. கையேட்டில் சொன்ன முறைப்படி சரிசெய்யலாம். கருவி கீழே விழுந்த ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள். அளவு முன்முனையிலிருந்தா, பின்முனையிலிருந்தா என்பதைத் திரையில் பார்க்காமல் எந்த எண்ணையும் நோட்டில் ஏற்றாதீர்கள். சைட்டில் நடக்கும் தவறுகளில் அதிகம் அதுதான், அதுவும் ஒரு கருவி நீளத்துக்கு.

நோட்டில் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பிடியுங்கள்: ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘ச’ அல்லது ‘ம’, சரிவா மட்டமா. பில் போடும் நாளில், எம் புக் என்னும் அளவுப் புத்தகத்தில் ஏற்றும் நாளில், யாரும் ‘இது எப்படி எடுத்தது’ என்று கேட்டால் ஒரு எழுத்து பதில் சொல்லும்.

இந்தப் பழக்கத்துக்கு அடுத்த படியிலும் கூலி கிடைக்கும். கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் சர்வே கருவியான டோட்டல் ஸ்டேஷனின் திரையில் எஸ்டி, எச்டி, விடி என்று மூன்று நீளம் வரும்: சரிவு, மட்டம், உயரம். சர்வே கம்பெனி நேர்முகத்தில் இதை நிச்சயம் கேட்பார்கள். புத்தகத்தில் படித்தவர் வரையறை சொல்வார். நீங்கள் ஆறு மீட்டர் ஷெட்டுக்கு ஷீட் வெட்டிய கதையைச் சொல்லலாம். டோட்டல் ஸ்டேஷனின் கோணத் துல்லியம் ஐந்து கோண விநாடி அளவில் இருக்கும்; கையடக்கக் கருவியின் 0.2 டிகிரி என்பது 720 கோண விநாடி. நூற்று நாற்பது மடங்குக்கு மேல் நுட்பமான கருவியை நம்பி உங்களிடம் கொடுப்பதற்கு முன் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, எந்த வேலைக்கு எந்த நீளத்தை எடுப்பீர்கள் என்பதைத்தான். சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது, டோட்டல் ஸ்டேஷனைத் தனியாக நிறுத்தி அளக்கத் தெரியும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். உதவியாளருக்கும் சர்வேயருக்கும் உள்ள கூலி வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.